வாசல் இல்லாத ஓடுபாதைகள்: வன்னியின் விமானத் தளங்கள் பற்றி

"வன்னியில எயார்போர்ட் இருக்கா?" எண்டு யாரிட்டையாவது கேட்டுப் பாருங்கோ. பெரும்பாலானவை இல்லை எண்டுதான் சொல்லுவினம். எங்கட ஆக்களுக்கு எயார்போர்ட் எண்டால் கட்டுநாயக்க. கிளிநொச்சியில இருந்து முந்நூறு கிலோமீற்றர் அளவில் வரும். வீட்டில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் ஒரு வான் பிடித்து, வீட்டார், பெரியம்மா வீட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஏறி, புட்டும் கறியும் கட்டிக்கொண்டு, இரவிரவாக ஏ-9 வீதியால் போய் ஏற்றிவிட்டு வருவார்கள். பறக்கிறவர் ஒருவர், வானில் போய் வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்.

ஆனால் வன்னியில் ஓடுபாதைக்குப் பஞ்சமே இல்லை. வவுனியா நகரை ஒட்டி ஒன்று இருக்கிறது. எங்கள் தாத்தா, பூட்டன் காலத்தில் போட்டது. கிளிநொச்சியில் இரணைமடுவில் ஒன்று. முல்லைத்தீவிலும் விமானப் படை நிலையம் உண்டு. கடைசிச் சண்டையின்போது வன்னிக் காட்டுக்குள் இன்னும் சில ஓடுதளங்களைக் கண்டுபிடித்ததாக இராணுவம் அடுத்தடுத்து அறிவித்தது. இத்தனை இருந்தும் இன்றைக்கு வன்னியில் ஒரு சாதாரண ஆள் ரிக்கற் எடுத்து ஏறக்கூடிய ஒழுங்கான விமானச் சேவை ஒன்றுகூட இல்லை.

சின்ன ஊர்களில் விமான நிலையம் எதற்கு இருக்கிறது? நோயாளியை அவசரத்துக்குக் கொண்டு போக, வெளியூரில் இருக்கிற பிள்ளை செத்த வீட்டுக்கு நேரத்துக்கு வந்து சேர, வியாபாரி போய் வர, தபால் வர. உலகத்தில் பல இடங்களில் அதுதான் கதை. வன்னியில் எண்பது வருடமாக ஓடுபாதை இருக்கிறது. அது எங்களுக்கு என்னவாக இருந்தது? இந்தக் கட்டுரை அதைத்தான் தேடிப் பார்க்கிறது.

ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம்

வவுனியா ஓடுபாதையின் கதை வவுனியாவில் தொடங்கவில்லை. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் போனது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9இல் திருகோணமலை. அதே நாளில் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

அதுவரைக்கும் பின்னரங்கமாக இருந்த இலங்கை ஒரே மாதத்தில் போர்முனை ஆகிவிட்டது. திருகோணமலைத் துறைமுகத்தைக் காப்பாற்ற வேண்டும், வங்காள விரிகுடாவில் போகும் கப்பல்களுக்குக் காவல் கொடுக்க வேண்டும், மறுபடி தாக்குதல் வந்தால் விமானங்களை ஒரே இடத்தில் வைத்து இழக்கக் கூடாது. ஆகவே பிரித்தானிய விமானப் படை தீவு முழுக்கத் தளங்களைப் பரப்பியது. மின்னேரியா, சிகிரியா, புத்தளம், வடக்கே காங்கேசன்துறை எண்டு அவர்கள் அழைத்த பலாலி, இவற்றோடு வவுனியா.

வவுனியா ஏன்? வரைபடத்தை எடுத்துப் பாருங்கோ. கிழக்கே திருகோணமலை, மேற்கே மன்னார், இரண்டுக்கும் நடுவில் வவுனியா. தட்டையான காட்டுநிலம். சனம் குறைவு. முக்கியமாக, 1905இல் காங்கேசன்துறை வரைக்கும் போட்டு முடித்த வடக்கு ரயில் பாதை ஊரின் நடுவால் போகிறது. எண்ணெயும் குண்டும் சீமெந்தும் ஆட்களும் ரயிலில் வந்து இறங்கலாம். ஒரு தளத்துக்கு வேறு என்ன வேண்டும்?

1943, 1944 ஆண்டுகளில் பிரித்தானிய விமானப் படையின் பல பிரிவுகள் வவுனியாவில் நின்றன. 22ஆம், 217ஆம் ஸ்குவாட்ரன்கள் அவற்றில் இரண்டு. அவை பறந்தது பியூஃபோர்ட் என்ற, கப்பல்களை டோர்பிடோவால் தாக்கும் விமானங்களில். குளமும் வயலும் காடும் மலேரியாவும் இருந்த ஒரு சின்ன ஊருக்குள், உலக யுத்தம் ரயிலில் வந்து இறங்கியது என்று சொல்லலாம்.

அந்தத் தளத்தைக் கட்ட மண் வெட்டியவர்கள், காடு தறித்தவர்கள், கல் சுமந்தவர்கள் யார்? படைப்பிரிவுகளின் இலக்கங்களும் விமானங்களின் வகைகளும் புத்தகங்களில் இருக்கின்றன. கூலிக்கு நின்றவர்களின் பெயர்கள் அந்தப் புத்தகங்களில் இல்லை. வவுனியா ஓடுபாதையின் முதல் குணம் இதிலேயே தெரிகிறது. அது ஊரில் இருந்தது, ஆனால் ஊருக்காகப் போடப்பட்டது இல்லை.

வாசல் கிடைத்தது பலாலிக்கு

1945இல் யுத்தம் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. இப்படி விட்டுப்போன தளங்கள் உலகம் முழுக்க இருந்தன. சில காடாகின. சில பொதுமக்களின் விமான நிலையங்கள் ஆகின. வடக்கில் அந்த இரண்டாவது அதிர்ஷ்டம் பலாலிக்குக் கிடைத்தது.

1947 டிசம்பர் 10இல் 'எயார் சிலோன்' தன் முதல் பயணத்தை நடத்தியது. இரத்மலானையில் இருந்து மதராசுக்கு, இடையில் காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கி ஏறியது. விமானம் யுத்தத்தில் ஓடிய டகோட்டா வகை. பெயர் 'சீதாதேவி'. இலங்கை சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதாவது இந்த நாட்டின் சொந்த விமானச் சேவை முதல் நாளே வடக்கில் இறங்கித்தான் வெளிநாடு போனது. எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை வாசித்த ஞாபகம் எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு கொழும்பில் வேலை செய்த உத்தியோகத்தரும், மதராசிலும் திருச்சியிலும் அலுவல் இருந்தவர்களும் பலாலியால் போய் வந்தார்கள். எல்லாரும் போகக்கூடிய விலை இல்லைத்தான். ஆனாலும் ரிக்கற் கவுண்டர் இருந்தது, சுங்கம் இருந்தது, வழியனுப்ப வந்தவர்கள் நிற்க ஓர் இடம் இருந்தது. ஓடுபாதை விமான நிலையமாக மாறுவது இப்படியான சின்னச் சின்ன விசயங்களால்தான்.

வவுனியாவுக்கு அது கிடைக்கவில்லை. காரணம் விளங்கக் கஷ்டம் இல்லை. குடாநாட்டில் சனம் நெருக்கம், படித்த உத்தியோகத்தர் கூட்டம், இந்தியாவோடு நேரடி வியாபாரம். வன்னியில் காடும் குளமும், அங்கங்கே கிராமங்களும். ரிக்கற் வாங்க ஆள் எங்கே?

ஆனால் வன்னி அந்தக் காலத்தில் உலகத்தில் இருந்து துண்டிக்கப்பட்டு இருக்கவில்லை. 1914இல் தலைமன்னார் ரயில் பாதையும் இந்தியாவுக்கான கப்பல் சேவையும் தொடங்கின. மதவாச்சியில் பிரிந்து, செட்டிகுளம் வழியாகத் தலைமன்னார் போய், கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து மதராசுக்கு ரயில். போட் மெயில் எண்டு சொல்லுவார்கள். வவுனியா ஆளுக்கு இந்தியா விமானத்தைவிட ரயிலால் கிட்ட இருந்தது. 1964 டிசம்பர் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1980களில் போர் வந்ததும் அதுவும் நின்றது. அதோடு வன்னிக்கு இருந்த ஒரேயொரு மலிவான வெளிநாட்டு வாசலும் மூடியது.

பலாலியின் வாசலும் சும்மா கிடைத்தது இல்லை. அதைச் சுற்றி இருந்த ஊர்களின் செம்மண் தோட்டங்கள் விமான நிலையத்துக்காகத் துண்டு துண்டாகப் போயின. 1990 ஜூனில் அந்த ஊர்களே இடம்பெயர்ந்தன. பலாலி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. இந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

பாஸ் எடுத்த ஊர்

போர் தொடங்கியபின் வவுனியாத் தளம் மறுபடி உயிர் பெற்றது. இந்த முறை இலங்கை விமானப் படைக்காக. வவுனியா எல்லை நகரம் ஆனது. முதலில் தாண்டிக்குளம், பிறகு ஓமந்தை, அங்கே சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி.

தொண்ணூறுகளில் வவுனியாவில் இருந்தவர்களிடம் கேட்டால் முதலில் சொல்லுவது பாஸ் பற்றித்தான். ஒருநாள் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ் எண்டு வகை வகையாக இருந்தது. வன்னியில் இருந்து வந்தவர் வவுனியாவில் தங்கவும் பாஸ் வேண்டும், கொழும்புக்குப் பஸ் ஏறவும் பாஸ் வேண்டும். ஒரு பக்கம் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவான ஓடுபாதை, ஹெலியும் விமானமும் ஏறி இறங்குகின்றன. மறு பக்கம் பஸ் ஏறுவதற்காகக் கடதாசித் துண்டோடு வரிசையில் நிற்கும் சனம். ஓர் ஊரில் விமானத் தளம் இருப்பதால் அந்த ஊருக்குப் போக்குவரத்து வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

வன்னியில் இருந்தவர்களுக்கு விமானம் என்பது கீழே நின்று கேட்கிற சத்தம். சனம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தது. பொம்மர் என்றால் சின்னது, சுற்றிச் சுற்றிக் குத்தும். சகடை என்றால் மெல்ல வந்து குண்டை உருட்டிவிடும். 1996இல் இஸ்ரேலியக் கிபிர் வந்த பிறகு அதன் சத்தம் காதுக்கு வரும்போதே குண்டு விழுந்து முடிந்திருக்கும். வண்டு என்றால் ஆளில்லாத வேவு விமானம், தலைக்கு மேலே மணிக்கணக்காக இரைந்துகொண்டு நிற்கும். எங்கள் தலைமுறையில் எழுத்துப் படிக்க முன்னம் விமான வகை படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சத்தத்தை வைத்து எப்போது பங்கருக்குள் இறங்குவது, எப்போது தொடர்ந்து சோறு சாப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வண்டுகளில் ஒரு பகுதி பறந்து வந்தது வவுனியாத் தளத்தில் இருந்துதான். எங்கட மண்ணில் ஏறி, எங்கட தலைக்கு மேல நின்று, திரும்ப எங்கட மண்ணிலேயே இறங்கின.

2006 ஓகஸ்ட் 11இல் ஏ-9 பாதை மூடப்பட்டது. மூன்று நாள் கழித்து, ஓகஸ்ட் 14இல், முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானங்கள் குண்டு போட்டன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் பள்ளி மாணவிகள். வன்னியில் விமானத்தின் வரலாறு எழுதுகிற யாரும் இந்தத் திகதியைத் தாண்டிப் போக முடியாது.

சாதாரண சனம் ஏறிய விமானமும் தப்பவில்லை. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். புலிகள் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தினார்கள் என்று விசாரணைகள் கூறின. தரைப்பாதை இல்லாத காலத்தில் குடாநாட்டுச் சனத்துக்கு இருந்த ஒரு சில வழிகளில் அது ஒன்று. பல வருடங்கள் கழித்து அதன் சிதைவுகள் கிடைத்தது கிளிநொச்சி மாவட்டத்துக்குள் வருகிற இரணைதீவுக் கடலில். எங்கட கடலுக்கு அடியிலும் ஒரு விமானக் கதை கிடந்திருக்கிறது.

இரணைமடு

2005 தொடக்கத்தில், சமாதான காலத்திலேயே, இரணைமடுப் பகுதியில் ஓர் ஓடுபாதை இருப்பதாக அரசாங்கம் குற்றம் சாட்டியது. புலிகளின் வான்பிரிவுக்கு வித்திட்டவர் என்று கருதப்படும் கேணல் சங்கர் 2001 செப்டெம்பரிலேயே வன்னிக்குள் கிளைமோரில் கொல்லப்பட்டிருந்தார். ஆனால் வேலை நிற்கவில்லை.

2007 மார்ச் 26 அதிகாலை, வன்னியில் இருந்து எழுந்த சின்ன விமானங்கள் கட்டுநாயக்க விமானப் படைத் தளத்தில் குண்டு போட்டன. ஸ்லின் 143 வகை. செக் நாட்டில் செய்தது, நாலு பேர் இருக்கிற, பறக்கப் பழகுபவர்கள் ஓட்டுகிற விமானம். மூன்று விமானப் படையினர் இறந்தார்கள். அடுத்த மாதம் பலாலி, பிறகு கொழும்பின் எண்ணெய்க் குதங்கள். கொழும்பில் வெளிச்சம் அணைந்த அந்த இரவில்தான் பார்படோசில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. 2008 செப்டெம்பர் 9இல் வவுனியாத் தளமே இலக்கானது. ஆட்லறி, பத்துக் கரும்புலிகள், மேலே விமானம். இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்கே ராடாரோடு வேலை செய்த இரண்டு இந்தியத் தொழில்நுட்பவியலாளர்கள் காயப்பட்ட பிறகுதான் அந்த ராடார் யாருடையது என்பதும் வெளியில் பேசப்பட்டது. ஒரு வன்னி ஓடுபாதையில் இருந்து எழும்பியது இன்னொரு வன்னி ஓடுபாதையில் குண்டு போட்டது. அந்த இரவைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

எங்களில் பலர் அந்த நாட்களில் சின்னப் பிள்ளைகள். "எங்கட பிளேன்" எண்டு சனம் சந்தோசப்பட்டதும் உண்மை. அதுவரை வானத்தில் இருந்து அடி வாங்க மட்டுமே தெரிந்த ஒரு சனத்துக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று இன்றைக்கு வெளியில் நின்று கணக்குப் போடுவது கஷ்டம். அதேநேரம், அடுத்த நாள் கிபிர் வந்தபோது பங்கருக்குள் இறங்கினதும் அதே சனம்தான். இரணைமடு ஓடுபாதையைத் தேடிக் குண்டுகள் திரும்பத் திரும்ப விழுந்தன. அந்த ஓடுபாதைக்கும் பொதுச்சனத்துக்கு வாசல் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று கேட்பதே பிழை. ஒரு நோயாளி அதால் பறந்து போனதில்லை. பிரித்தானியன் போட்டாலும், அரசாங்கம் வைத்திருந்தாலும், இயக்கம் கட்டினாலும், வன்னியில் ஓடுபாதை என்பது சண்டைக்கான சாமானாகவே இருந்தது. இதைச் சொல்லுவதால் மூன்றும் ஒன்று எண்டு ஆகாது. ஆனால் கீழே நின்ற ஆளுக்கு மூன்றிலும் ஒரே இடம்தான், வேலிக்கு வெளியே.

2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. இரண்டு கிழமைக்குள் இரணைமடு ஓடுபாதையும்.

பறக்க வேண்டிய நேரத்தில்

1928இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குளோன்கரி என்ற சின்ன ஊரில் இருந்து ஒரு விமானம் மருத்துவரோடு எழும்பியது. ஜோன் பிளின் என்ற பாதிரியார் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை அது. வைத்தியசாலைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போக வேண்டிய இடங்களில், மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்து மண்தரையில்கூட இறங்கி நோயாளியை ஏற்றும். இன்றைக்கும் ஓடுகிறது. ஒரு சின்ன ஓடுபாதை ஓர் ஊருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வன்னியில் அப்படி ஒரு தேவை உச்சத்துக்கு வந்த காலம் 2009 பெப்ரவரி முதல் மே வரை. காயக்காரர் புதுமாத்தளன் கடற்கரையில் கிடந்தார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டு போனது. கரையில் இருந்து சின்னப் படகு, படகில் இருந்து கப்பல். இப்படி நோயாளிகளும் அவர்களோடு போனவர்களுமாக 13,000க்கு மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மே மாதத்தில் கடைசிப் பயணங்களுக்கு அதுவும் முடியாமல் போனது. வன்னி வானத்தில் விமானங்கள் இல்லாத நாள் இல்லை. ஒரு காயக்காரரை ஏற்ற மட்டும் ஒன்றும் வரவில்லை.

போர் முடிந்து சில நாளில், மே 23இல், ஐநா செயலாளர் நாயகம் பான் கி மூன் வந்தார். செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமைப் பார்த்தார். சண்டை நடந்த கரையை ஹெலிகொப்டரில் மேலே இருந்து பார்த்தார். கீழே முகாம்களில் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர் கம்பிக்குள் இருந்தார்கள். மெனிக் பாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

வேலிகள் நகர்ந்த கதை

போருக்குப் பிறகு ஓடுபாதைகள் திரும்பக் காடாகவும் இல்லை, ஊருக்கு வரவும் இல்லை. இரணைமடு விமானப் படை நிலையம் ஆனது. வவுனியா அப்படியே தொடர்ந்தது.

முல்லைத்தீவில் கேப்பாப்புலவு. அங்கே பிலக்குடியிருப்பு மக்களின் காணி விமானப் படையிடம் இருந்தது. 2017 ஜனவரி 31இல் சனம் முகாம் வாசலில் போய் இருந்துவிட்டது. பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகளோடு. பகலில் வெயில், இரவில் பனி. அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து, ஒரு மாதம். மார்ச் 1இல் நாற்பது ஏக்கர் அளவான அந்தக் காணி விடப்பட்டது. உள்ளே போனவர்கள் முதலில் தேடியது தங்கள் கிணற்றையும் மாமரத்தையும்தான். வன்னியில் விமானப் படை வாசல் ஒன்றுக்கு முன்னால் சனம் நின்று, அந்த வாசல் சனத்துக்காகத் திறந்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதுவும் பறக்க இல்லை, வீட்டுக்குப் போக.

அதே காலத்தில் தெற்கில் வேறு ஒரு கூத்து. 2013 மார்ச்சில் மத்தள விமான நிலையம் திறக்கப்பட்டது. இருபது கோடி டொலருக்கு மேலே செலவு, பெரும்பகுதி சீனக் கடன். பயணிகள் வரவில்லை. 2015இல் அதன் களஞ்சியங்களில் நெல் மூட்டை அடுக்கினார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விளைவிக்கிற ஆட்கள் அறுவடை காலத்தில் நெல்லை ரோட்டுக் கரையில்தான் காயப் போடுகிறார்கள். பாதை இருக்கும் இடத்தில் பயணி இல்லை, பயணி இருக்கும் இடத்தில் வாசல் இல்லை.

இனி என்ன கேட்பது?

2019 ஒக்ரோபர் 17இல் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையில் இருந்து அலையன்ஸ் எயார் வந்தது. கொரோனாவோடு 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12இல் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னையில் இருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியில் இருந்தும் பறக்கத் தொடங்கியது. எழுபது, எண்பது பேர் இருக்கிற ஏ.ரி.ஆர் விமானங்கள். கிளிநொச்சி ஆளுக்குப் பலாலி எண்பது கிலோமீற்றருக்குள். கண் ஒப்பரேசனுக்கும், பிள்ளையின் கலியாணச் சாமானுக்கும், கோயிலுக்கும் எங்கட ஆக்கள் இப்போது அதால் போகத் தொடங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆட்கள் அவர்களில் நிறைய. அவர்களுக்கு இந்தச் சின்ன விமானம் ஊருக்குத் திரும்பும் பாதையும்கூட.

ஆகவே வன்னிக்கும் ஒன்று வேண்டுமா? "வவுனியாவைத் திறந்துவிடு, ஓடுபாதை இருக்குத்தானே" எண்டு சொல்லுவது சுலபம். ஏ.ரி.ஆர் மாதிரி விமானத்துக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் நீளம் கிட்டத்தட்டப் போதும் என்பதும் சரிதான். ஆனால் தமிழ்நாட்டில் சேலத்தைப் பாருங்கோ. இந்திய அரசின் உடான் திட்டம் சின்ன ஊர்களுக்கு ஒரு மணி நேரப் பறப்பை 2,500 ரூபா அளவில் கொடுக்க அரசே நட்டத்தை ஈடுசெய்யும் திட்டம். 2017 ஏப்ரலில் முதல் விமானம் பறந்தது. 2018 மார்ச்சில் சேலத்துக்குச் சேவை வந்தது. 2021இல் நின்றது. 2023 ஒக்ரோபரில் மறுபடி வந்தது. இடையில் விரிவாக்கத்துக்கு விவசாயக் காணி எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர்ச்சனம் போராடியது. உதவித்தொகை நின்றால் விமானமும் நிற்கும். ஓடுபாதை நீண்டால் வயல் குறையும். பலாலிக் கணக்கை மனதில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போன பிறகு, வவுனியாவில் இருந்து கொழும்புக்கு ரயிலைவிட விமானம் எத்தனை பேருக்குத் தேவை என்ற கேள்வியும் நியாயமானது. தினம் ஒரு விமானம் நிரம்ப ஆள் இல்லாவிட்டால் எங்களுக்கும் ஒரு குட்டி மத்தளதான் கிடைக்கும்.

என் கருத்து இது. புதிய ஓடுபாதையோ நீட்டின ஓடுபாதையோ எங்களுக்கு வேண்டாம். இருக்கிற ஓடுபாதைக்கு ஒரு பொது வாசல் கேட்கலாம். முதலில் நோயாளிக்கு. வவுனியா, முல்லைத்தீவு வைத்தியசாலைகளில் இருந்து அவசர நோயாளியை யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பறந்து கொண்டு போக ஓர் ஒழுங்கு, விமானப் படையின் தயவாக இல்லாமல் சுகாதார சேவையின் உரிமையாக. அடுத்து, பலாலி விமான நேரத்துக்குப் பொருந்தக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் இருந்து ஒரு பஸ். இதற்கு ஓர் ஏக்கர் காணிகூடத் தேவையில்லை. இரண்டும் ஓடிய பிறகு ரிக்கற் கவுண்டரைப் பற்றிப் பேசலாம்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அது அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது இல்லை. 1942இல் அந்த வவுனியாக் காட்டைத் தறித்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு எண்பது, தொண்ணூறு வயதில் இருப்பார்கள். வீட்டில் ஒரு அம்மம்மாவோ தாத்தாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கோ. வெள்ளைக்காரனின் தளத்தில் வேலைக்குப் போன ஆள் யாராவது குடும்பத்தில் இருந்தாரா, என்ன கூலி, யாருடைய காணி போனது, முதல் விமானம் இறங்கினதை யார் பார்த்தது? ஃபோனில் பதிந்து எங்களுக்கு அனுப்புங்கோ. படைப்பிரிவு இலக்கங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்களும் எழுதப்பட வேண்டும்.